படத்தில் பதினொரு பிழைகள்

எனக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. விஷயம் இவ்வளவுதான். ஊரே கொண்டாடும் படம் ஓர் ஆளுக்குப் பிடிக்காமல் போவதும், அதை அவன் நாலு பேர் படிக்கும்படி எழுதுவதும் எங்கேயும் நடப்பதுதான்.

நீங்கள் சொன்னபடி முதலிலிருந்து எழுதுகிறேன். உங்கள் எழுத்தர் எழுதிக்கொள்ளட்டும் என்றீர்கள். தங்கமான மனிதர்தான். ஆனால் நான் நாலு வாக்கியம் சொன்னால் இரண்டைத்தான் எழுதுகிறார், அந்த இரண்டும் அவருடைய வாக்கியமாக இருக்கிறது. நான் முப்பத்தோரு வருடம் காவல் நிலைய எழுத்தராக இருந்தவன். அடுத்தவர்கள் வாக்குமூலத்தை ஆயிரக்கணக்கில் எழுதியவனுக்குத் தன்னுடையதை எழுதத் தெரியாதா? அதனால்தான் காகிதத்தை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னேன். அடித்தல் திருத்தல் இருக்காது, கவலைப்படாதீர்கள்.

ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. என் மச்சினன் ஒரு வாரப் பத்திரிகை நடத்துகிறான். ஒருநாள் அவன் வீட்டுத் தொலைக்காட்சியில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகி சிவப்புப் பையோடு பஸ்ஸில் ஏறி நீலப் பையோடு இறங்குகிறாள் என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா, எதைப் பாத்தாலும் நொட்டை சொல்றீங்க. அதையே வாராவாரம் எழுதிக் குடுத்துடுங்களேன்" என்றான். அப்படித்தான் 'பூதக்கண்ணாடி' என்ற பத்தி பிறந்தது. பெயர் போடவில்லை, பூதக்கண்ணாடி என்றுதான் கையெழுத்து. ஆறே மாதத்தில் பத்திரிகையை வாங்கியதும் ஜனங்கள் முதலில் திருப்புவது என் பக்கத்தைத்தான் என்று மச்சினன் சொன்னான். அவன் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறவன்தான், ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது.

தியேட்டருக்கு ஒரு சின்ன நோட்டோடு போவேன். இருட்டில் பார்க்காமலே எழுத எனக்கு வரும். ஒருமுறை கூட வந்த என் மகள், "அப்பா, படம் பாக்க வந்தீங்களா, பரீட்சைப் பேப்பர் திருத்த வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு அதற்குப் பிறகு என்னோடு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

இந்தப் படத்தை வெள்ளிக்கிழமை காலைக் காட்சியில் பார்த்தேன். கதையை நீங்களும் அறிவீர்கள், இரண்டு தடவை பார்த்ததாக நேற்று நீங்களே சொன்னீர்கள். கிடங்கு முதலாளி ஒருவன், அவன் சொன்னபடி ஆடும் ஆய்வாளர் ஒருவர், செய்யாத திருட்டை ஒத்துக்கொள்ளச் சொல்லி அடி வாங்கும் ஏழை ஒருவன். அவன் லாக்கப்பில் செத்துப்போகிறான். சன்னல் கம்பியில் சட்டையைக் கட்டித் தொங்கவிட்டு, தற்கொலை என்று முடிக்கிறார்கள். எல்லாவற்றையும் கூட இருந்து எழுதிய நிலைய எழுத்தர் கடைசியில் மனம் திருந்தி, நீதிமன்றத்தில் பொலபொலவென்று கண்ணீர் விட்டு, ஒளித்து வைத்திருந்த டைரியை நீட்டுகிறார். அந்த வேஷம் போட்டவருக்கு அழுவதற்கென்றே செய்த முகம்.

விமர்சகர்கள் ஆளாளுக்கு வரிந்து கட்டிக்கொண்டு புகழ்ந்தார்கள். சீருடைக்குள் இருக்கும் அழுக்கை நடுத்தெருவில் துவைத்த படம் என்றார் ஒருவர். நாற்காலியில் உட்கார்ந்தால் காவல் நிலைய வாடை அடிக்கிறது என்று இன்னொருவர் நாலரை நட்சத்திரம் கொடுத்திருந்தார். பர்ஸ் தொலைந்தது என்று புகார் கொடுக்கக்கூட அந்த மனிதர் ஒரு நிலையத்துக்குள் நுழைந்திருக்க மாட்டார். வாடை மட்டும் எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

படம் விட்டு வெளியே வந்தால் வாசலில் மைக்கை நீட்டிக்கொண்டு ஒருவன். இந்தக் காலத்தில் அது ஒரு தொழில். படம் பார்த்த சூடு ஆறுவதற்குள் ஜனங்கள் வாயைப் பிடுங்கி இணையத்தில் போட்டுவிட வேண்டும். ஹெல்மெட்டை அக்குளில் இடுக்கிய ஓர் ஆள் வெறித்தனம் என்றார். இடுப்பில் பிள்ளையோடு நின்ற பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் அந்த ரைட்டர் மாதிரி ஒரே ஒருத்தர் இருந்தா போதுங்க. அவரு அழுதப்போ நானும் அழுதுட்டேன்" என்றாள். சுற்றி நின்றவர்கள் அதற்கும் கை தட்டினார்கள். மைக் என்னிடமும் வந்தது. படத்தில் பிழை நிறைய இருக்கிறது என்று ஆரம்பித்தேன். நான் அடுத்த வார்த்தைக்குப் போவதற்குள் மைக் வேறு வாய்க்குப் போய்விட்டது.

எனக்குக் கோபம் வந்தது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? முப்பத்தோரு வருடம் நான் பார்த்த வேலையை ஒருவன் அழுமூஞ்சி வேலையாகக் காட்டிவிட்டான், ஊரே அதைப் பார்த்துக் கண்ணைக் கசக்குகிறது.

அன்று சாயங்காலமே எழுதி முடித்தேன். மொத்தம் பதினொரு பிழைகள். லாக்கப் சாவி ஆய்வாளர் இடுப்பில் தொங்குகிறது. அது அங்கே தொங்காது. சம்பவம் நடந்த அன்றே பிரேதப் பரிசோதனைத் தாள் வந்துவிடுகிறது. வராது. சன்னல் கம்பி ஆளின் மார்பு உயரத்தில் இருக்கிறது, அதில் தொங்கவே முடியாது. இப்படியே போய், பதினொன்றாவதாக எழுத்தர் விஷயம். எழுத்தர் டைரியை ஒளித்து வைக்க மாட்டார், இருப்பது ஒரே பதிவேடுதான், அதில் இருப்பதுதான் நடந்தது. அப்படி இருக்கும்போது அவர் எதற்காக அழ வேண்டும் என்று கேட்டு முடித்திருந்தேன்.

மச்சினன் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "மாமா, ஊரே தலைல தூக்கி வச்சு ஆடுது. கொஞ்சம் பூசினாப்புல எழுதக் கூடாதா?" என்றான். பூசி மெழுகுவதற்கு நான் கொத்தனார் இல்லை என்றேன். அப்படியே அச்சேறியது.

இணையப் பதிப்பின் கீழே நானூறு பேர் திட்டியிருந்தார்கள். பெருசுக்கு வயிற்றெரிச்சல். நீ ஒரு படம் எடுத்துக் காட்டுய்யா பார்ப்போம். எதிர்க் கோஷ்டியிடம் எவ்வளவு வாங்கினாய்? வீட்டில் நிம்மதி இல்லை போலிருக்கிறது, பாவம். நாக்கில் நரம்பில்லாமல் என் பெண்டாட்டியைக்கூட இழுத்தார்கள். அவள் போய்ச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகிறது. எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தேன், எதுவும் என்மேல் ஒட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் தைத்தது. எவனோ ஒருவன் நாலு வரி எழுதியிருந்தான். 'லாக்கப்பில் செத்தவனைத் தொங்கவிட்டது தப்பு என்கிறார். அப்படியானால் எப்படிச் செய்வார்களாம்? தெரிந்தால்தானே சொல்வதற்கு. உள்ளே இருந்தவர் மாதிரி கதை விடுகிறார்.'

கதை விடுகிறேனாம். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வாரப் பத்திக்கு 'சரியாகச் செய்தால் எப்படி இருக்கும்' என்று தலைப்பு வைத்தேன். உங்கள் மேசைமேல் இருக்கும் அந்தப் பக்கம்தான். படித்திருப்பீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். ஆளை உள்ளே கொண்டுவரும்போதே பதிவேட்டில் விடுவித்ததற்கான கட்டத்திலும் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். நேரத்தை மட்டும் காலியாக விட்டுவைக்க வேண்டும். நிலைமை கைமீறினால் நேரத்தைப் போட்டுக்கொள்ளலாம். உள்ளே செத்தால் அது நிலையத்தின் தலைவலி, வெளியே போனவன் கால்வாய்க் கரையில் விழுந்து கிடந்தால் அது அவன் விதி. படத்தில் சடலம் வெறுங்காலோடு தொங்குகிறது, கால்வாய்க் கரையில் அது செல்லாது. வீட்டுக்கு நடந்து போகிறவன் எதற்கு வெறுங்காலோடு போகிறான்? செருப்பு மாட்டியிருக்க வேண்டும். ஆனால் உள்ளங்காலில் அடி வாங்கிய கால் பொம்மென்று வீங்கிவிடும், அவனுடைய செருப்பு ஏறாது. ஓர் அளவு பெரியதாக, புதிதாக இல்லாமல், யாராவது போட்டுத் தேய்ந்ததாகப் பார்த்து மாட்ட வேண்டும். இதைக்கூட யோசிக்காத இயக்குநருக்கு நாலரை நட்சத்திரமா என்று கேட்டிருந்தேன்.

இந்தத் தடவை திட்டியவர்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெரியவர் பெரியவர்தான் என்று எழுதினார்கள். என்னைக் கதை விடுகிறேன் என்ற ஆசாமியே மன்னிப்புக் கேட்டிருந்தான். அடுத்து எடுக்கும் காவல்துறைப் படத்துக்கு ஆலோசனை சொல்ல வர முடியுமா என்று ஒரு சினிமா அலுவலகத்திலிருந்து மச்சினனுக்குப் போன் வந்தது. அந்த நாலு நாளும் நான் தரையில் நடக்கவில்லை.

ஐந்தாம் நாள் மச்சினன் கூப்பிட்டான். "ஒரு அம்மா வந்து உக்காந்துருக்காங்க மாமா. உங்க விசிறி போல. பூதக்கண்ணாடிய பாத்துட்டுத்தான் போவாங்களாம்."

சட்டையை மாற்றிக்கொண்டு போனேன். ஐம்பதை நெருங்கும் பெண். பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை செய்கிறாளாம், விரலில் ஊசி குத்திய தழும்புகள். வாடிக்கையாளர்கள் புரட்டுவதற்காக அங்கே எங்கள் பத்திரிகையை வாங்கிப் போடுவார்களாம், அதில்தான் படித்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். எனக்கு முகம் பிடிபடவில்லை. அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. மடியில் வைத்திருந்த துணிப்பையிலிருந்து ஒரு ஜோடி செருப்பை எடுத்து மச்சினனின் மேசைமேல், அச்சுத் தாள்களின் மேலேயே வைத்தாள். பழுப்பு நிறம், இடது குதிகாலில் ஓரம் தேய்ந்தது. நான் நடக்கும்போது இடது பக்கம் சாய்வேன். பதினொரு வருடமாக அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறாள்.

"இது அவரோடது இல்லன்னு அன்னிக்கே உங்ககிட்டதான் சொன்னேன் சார். நீங்க எழுதிக்கல" என்றாள்.

உண்மைதான். கால்வாய்க் கரையில் அவள் கணவனின் சடலம் கிடைத்த பிறகு அவளுடைய வாக்குமூலத்தை எழுதியதும் நான்தான், செருப்பைப் பற்றி அவள் இரண்டு தடவை சொன்னாள், நான் எழுதவில்லை. மச்சினன் ஒன்றும் புரியாமல் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் கத்தவில்லை, சாபம் விடவில்லை. நான் அதற்கெல்லாம் தயாராகத்தான் நின்றேன்.

"நான் ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். மொத தடவ நீங்க அனுப்பிட்டீங்க. வீட்டுக்குப் போனா அவரு வரல. திரும்ப வந்து வாசல்ல நின்னு கேட்டேன். அப்ப அவரு உள்ளதான் இருந்தாரா? உயிரோட இருந்தாரா? நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்னு சத்தம் போட்டிருந்தா அவரு பொழச்சிருப்பாரா? அது தெரிஞ்சா போதும் எனக்கு."

அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "இல்லம்மா. அதுக்கு முன்னாடியே போயிட்டாரு. நீ நின்னிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது" என்றேன்.

ஆறுதலாகச் சொன்ன சொல். சொல்லி முடித்த பிறகுதான் அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்கே உறைத்தது. என் பதிவேட்டின்படி நாலு பத்துக்கு விடுவிக்கப்பட்டு நடந்து வெளியே போனவன் எப்படி 'அதற்கு முன்னாடியே' போயிருக்க முடியும்? முப்பத்தோரு வருடத்தில் எத்தனையோ பேர் என் எதிரே உட்கார்ந்து இப்படி வாயைக் கொடுத்து மாட்டியிருக்கிறார்கள், நான் உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். அவள் செருப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு, என் மச்சினனைப் பார்த்து, "நீங்களும் கேட்டீங்கல்ல?" என்றாள். அவன் கேட்டதாகத் தலையாட்டினான். அங்கிருந்து நேரே உங்களிடம்தான் வந்திருக்கிறாள்.

இனி உங்கள் பங்கு. நேற்று கதவைச் சாத்திவிட்டு என்னிடம் நல்லவிதமாகத்தான் பேசினீர்கள். "பெரியவரே, எனக்கு வேண்டியது நீங்க இல்ல. அந்த ஆய்வாளர். நீங்க சாட்சியா மாறிடுங்க. பயந்துபோய் எழுதிட்டேன், மனசு உறுத்துதுன்னு சொல்லுங்க. அந்தப் படத்துல வர்ற ரைட்டர் மாதிரி. ஜனங்களே உங்க பக்கம் நிப்பாங்க." அன்றைய ஆய்வாளர் இன்று உங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறார், அவரை இறக்க ஓர் ஏணி வேண்டும். எனக்கும் அவர்மேல் பாசம் கிடையாது. என் மகளும் கையெடுத்துக் கும்பிட்டு, அவர் சொல்றபடி சொல்லிட்டு வந்துடுங்கப்பா என்று அழுதாள்.

ராத்திரி முழுவதும் யோசித்தேன். முடியாது என்று தோன்றிவிட்டது. நீங்கள் சொல்லும் கதையில் ஆய்வாளர் கொன்றார், எழுத்தர் பயந்தார். இரண்டும் பிழை. அடுத்தவன் எடுத்த படத்தில் பதினொரு பிழை கண்டுபிடித்தவன், தன் பெயரில் வெளிவரும் கதையில் இரண்டை விட்டுவைக்க முடியுமா? நேர்மை என்று ஒன்று இருக்கிறது.

நடந்தது இது. அவன் சரக்கு வண்டி ஓட்டுநர். கிடங்கில் காணாமல் போன பெட்டிகளைத் தான்தான் எடுத்தேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும், கிடங்கு முதலாளியின் மகனைக் காப்பாற்ற அது தேவைப்பட்டது. மதியம் பன்னிரண்டரைக்கு ஆய்வாளர் அடித்தார். உள்ளங்காலில், பிறகு விலாவில். அதில் அவன் சாகவில்லை. இரண்டு மணியிலிருந்து அவன் மனைவி ஒரு வக்கீல் கொடுத்த கடிதத்தோடும் சாப்பாட்டுக் கேரியரோடும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இருட்டியதும் அவனைப் பின்பக்கமாக அனுப்பிவிடலாம், முதலில் அவளைக் கிளப்ப வேண்டும் என்று ஏற்பாடு. நாலு பத்து என்று நேரத்தை எழுதி, பின்வாசல் வழியாகப் போய்விட்டான் என்று சொல்லி, பதிவேட்டைத் திருப்பி அவளிடம் காட்டினேன். அவன் கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஐந்து மணிக்கு அவன் வாந்தி எடுத்தான். ஆய்வாளருக்கு வேர்த்துவிட்டது. ஜீப்பை எடு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம் என்று சொன்னது அவர்தான், அதை எழுத்தில் தருகிறேன். கூடாது என்று சொன்னது நான். நாலு பத்துக்கு வெளியே போனவனை ஐந்து மணிக்கு நம் ஜீப்பில் எப்படி ஏற்றுவது? ஆஸ்பத்திரியில் கொண்டுவந்த நேரத்தை எழுதுவார்கள். அதுவரை இருபத்து மூன்று வருடம் என் பதிவேட்டில் ஒரு கோடு அடித்தது கிடையாது. ஆய்வாளர் என்னைத் திட்டிவிட்டு, தெரிந்த டாக்டரைக் கையோடு கூட்டிவரத் தானே போனார். பின்னறையில் அவனும் நானும்தான் இருந்தோம். தண்ணீர் கேட்டான், தலையைத் தூக்கிப் பிடித்துக் கொடுத்தேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

ஐந்தரைக்கு வாசலில் அவள் குரல் கேட்டது. நல்ல கணீரென்ற குரல். காவலுக்கு நின்றவர் தனக்குச் சொன்னதை அவளுக்குச் சொன்னார். அவள் நகரவில்லை. வீட்டுக்கு வரலையே, வர்ற வழியிலயும் இல்லையே என்று திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். இடையில் ஒரே ஒரு சுவர்தான். அவனுக்கும் கேட்டது. முழங்கையை ஊன்றி எழுந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தான். பாதிப் பெயர் வந்தது, நான் உள்ளங்கையை வைத்து மூடினேன். சத்தம் வராமல் இருக்க மட்டும்தான். மூக்கும் கைக்குள் அகப்பட்டுவிட்டது. அதைக் கவனிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், கவனித்தேன். கையை நகர்த்தினால் சத்தம் வந்துவிடும். கொஞ்ச நேரம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான், பிறகு விட்டுவிட்டான். கால் மணி நேரம் கழித்து அவள் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டதும் கையை எடுத்தேன். மணி ஐந்தே முக்கால். செருப்பு என்னுடையது. ஆறு மணிக்கு டாக்டரோடு வந்த ஆய்வாளர் தன் அடியில்தான் அவன் செத்தான் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார், அவருக்கு நான் எதையும் சொல்லவில்லை.

ஆக, கொன்றது நான். யாரும் சொல்லிச் செய்யவில்லை, பயந்தும் செய்யவில்லை. கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

அவள் பக்கத்து அறையில் காத்திருப்பதாகச் சொன்னீர்கள். இதைப் படித்துக் காட்டும்போது, அன்று பத்திரிகை அலுவலகத்தில் நான் சொன்னதைத் திருத்திக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டாம் தடவை அவள் வந்தபோது அவன் உயிரோடுதான் இருந்தான். இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் பிழைத்திருப்பானே என்று பதினொரு வருடமாக அவள் மருகுவது வீண். கையை எடுக்க நான் தயாராகத்தான் இருந்தேன், அவள்தான் போகவில்லை. அவள் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பியிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.